பஸ்ஸையும் பாதையையும் அளந்து திருத்துவது: மட்டக்களப்பு, அம்பாறைக்கான கைவழி

பஸ் சரியாக வருவதில்லை என்று ஊர்ச் சங்கம் கடிதம் போட்டால், "அட்டவணைப்படிதான் ஓடுகிறது" என்று பதில் வரும். பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. டைம்கீப்பரின் புத்தகத்தில் 6.20 பஸ் 6.20க்குத்தான் புறப்பட்டிருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்த அந்த பஸ் அடுத்த மூன்று தரிப்பிடங்களிலும் ஆள் பிடிக்க நின்றதும், பின்னால் இன்னொரு பஸ்ஸின் தலை தெரிந்ததும் பறந்து போனதும் அந்தப் புத்தகத்தில் ஏறாது. அம்பிளாந்துறையிலிருந்து பாதையேறி (வாவி கடக்கும் மிதவையில் ஏறி) வந்த மனுசி குருக்கள்மடத்துப் பிரதான வீதிக்கு வந்து சேரும்போது அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் கண்டார் என்பதும் ஏறாது.

டிப்போ அளப்பது ஓடிய கிலோமீட்டர், வசூல், புறப்பட்ட நேரம். தனியார் பஸ் முதலாளி அளப்பது அன்றைய வசூல் மட்டும். ஆள் காத்திருந்த நிமிடத்தை யாரும் அளப்பதில்லை. அதை அளப்பதற்கான வழிதான் இது. ஆறு பேரும் இரண்டு வாரமும் இருந்தால் ஒரு வழித்தடத்தை முழுதாக அளந்து முடிக்கலாம்.

வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: மட்டக்களப்பில் "பாதை" என்றால் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, சந்திவெளி–திகிலிவெட்டை ஆகிய துறைகள் எழுவான்கரையையும் (வாவியின் கிழக்குக் கரை) படுவான்கரையையும் (மேற்குக் கரை) இணைப்பவை. படுவான்கரையாருக்கு பஸ்ஸும் பாதையும் இரண்டு சேவையல்ல, ஒரே பயணம். இரண்டையும் தனித்தனியே அளந்தால் இரண்டும் நன்றாக ஓடுவதாகத் தெரியும். நடுவில் ஆள் வெயிலில் நிற்பது மட்டும் தெரியாது.

எங்கே நிற்பது

முதல் பிழை இங்கேதான் நடக்கும். எல்லோரும் பஸ் நிலையத்தில் நின்று எண்ணுவார்கள். நிழலும் தேநீரும் அங்கே இருக்கிறது. ஆனால் நிலையத்தில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்குத்தான் புறப்படும். மட்டக்களப்பு–கல்முனை வழித்தடம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதில் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை என்று மூன்று இடத்தில் ஆள் நிறுத்துங்கள். முதலாவது இடம் நகரத்துத் தரிப்பிடங்களில் உருட்டிய நேரத்தைக் காட்டும், நடு இடம் இடைவெளி எப்படிச் சிதைகிறது என்பதைக் காட்டும், கடைசி இடம் வேகம் பிடித்து ஓடியதைக் காட்டும். கல்முனை–அக்கரைப்பற்று என்றால் நிந்தவூரும் அட்டாளைச்சேனையும் போதும். பாதைக்கு இரண்டு கரையிலும் ஒவ்வொருவர், பஸ் பிடிக்கும் சந்தியில் ஒருவர்.

அதோடு, வழித்தடத்தை மறந்துவிட்டு ஐந்து உண்மையான பயணங்களைத் தெரிவு செய்யுங்கள். மண்டூரிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு, திகிலிவெட்டையிலிருந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு, வெல்லாவெளியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு, சம்மாந்துறையிலிருந்து ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு, பொத்துவிலிலிருந்து கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு. ஒவ்வொன்றையும் வீட்டுப் படலையிலிருந்து போகுமிட வாசல் வரை, போகவும் வரவும், குறைந்தது நான்கு நாள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். நடை, காத்திருப்பு, பயணம், மாறல் என்று நான்காகப் பிரித்து எழுதினால், நேரம் எங்கே போகிறது என்பது முதல் நாளிலேயே கண்ணில் படும். பெரும்பாலும் அது வண்டி ஓடும் நேரமாக இருக்காது.

தாளும் மணிக்கூடும்

பேனாவை விடப் பென்சில் நல்லது. மாரியில் மை கரையும். தரிப்பிடத் தாளில் ஒரு பஸ்ஸுக்கு ஒரு வரி: வந்த நேரம், புறப்பட்ட நேரம், வண்டி இலக்கத்தின் கடைசி நான்கு எண், இ.போ.ச.வா (இலங்கைப் போக்குவரத்துச் சபை) தனியாரா, முன்பலகையில் எழுதிய இடம், இறங்கியோர், ஏறியோர், ஏற முடியாமல் நின்றுவிட்டோர், புறப்படும்போது சுமை. சுமையை ஆள் எண்ணி எழுத முயல வேண்டாம், பத்துச் செக்கனில் முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை குறி போடுங்கள்: 1 பாதி இருக்கை காலி, 2 சில இருக்கை காலி, 3 இருக்கை நிறைந்து சிலர் நிற்கிறார்கள், 4 நடைவழி நிறைந்துவிட்டது, 5 மிதிபலகையில் தொங்குகிறார்கள்.

"ஏற முடியாமல் நின்றோர்" என்ற நிரலை விட்டுவிடாதீர்கள். இது மற்ற எந்தப் பதிவேட்டிலும் இல்லாத எண். டிக்கட் கணக்கு ஏறியவரை மட்டும் அறியும். நிற்காமல் போன பஸ்ஸுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: வந்த நேரம் மட்டும், ஏறியோர் பூச்சியம், பக்கத்தில் "நிற்கவில்லை".

எல்லோருடைய போனிலும் நேரம் வலையமைப்பிலிருந்து தானாக வருமாறு வைத்திருக்க வேண்டும். கைக்கடிகாரம் வேண்டாம். 6.07 என்றால் 6.07 என்றே எழுத வேண்டும். ஆட்கள் களைத்ததும் 6.05, 6.10 என்று வட்டமாக எழுதத் தொடங்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தாளில் உள்ள நிமிடங்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். உண்மையில் ஐந்தில் ஒன்றுதான் 0 அல்லது 5 இல் முடியும். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் எண்ணுங்கள். ஒருவரை ஒரே நேரத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள்.

சாரதி, நடத்துனர் பெயரை எழுத வேண்டாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று டிப்போவுக்கும் பஸ் உரிமையாளர் சங்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளைப் பிடித்துக் கொடுக்க வந்தவர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்று மட்டும் எல்லா பஸ்ஸும் அழகாக ஓடும்.

பஸ்ஸுக்குள் அளப்பதற்கு இருவர் வேண்டும், முன்கதவுக்கு ஒருவர், பின்கதவுக்கு ஒருவர். ஒருவருடைய போனில் ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற வரைபடச் செயலியில் ஐந்து செக்கனுக்கு ஒருமுறை இடம் பதியுமாறு வையுங்கள். 60 செக்கனுக்கு மேல் வண்டி நின்றால் காரணத்தை எழுதுங்கள்: ஏற்றம் இறக்கம், சாமான், பொலிஸ், நெரிசல், சும்மா நிற்றல். இந்தக் கடைசிக் காரணத்தின் கூட்டுத்தொகைதான் பின்னால் பேச்சுவார்த்தையில் உங்கள் கையிலிருக்கும் சீட்டு.

எந்த நாள், எத்தனை நாள்

வெள்ளிக்கிழமையை மற்ற வேலைநாட்களோடு சேர்க்கக் கூடாது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று கரையோர வீதியின் பெரும்பகுதி ஜும்ஆ நேரத்தில் வேறுவிதமாக இயங்கும். சனி, ஞாயிறு, போயா தினம் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. பாடசாலை விடுமுறையில் எண்ணினால் காலை நெரிசல் காணாமல் போய்விடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் மூடையும் அறுவடை இயந்திரங்களும் வீதியை அடைக்கும். மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாட்களில் குருமண்வெளித் துறையில் எண்ணுவதும் தேவைதான், ஆனால் அது திருவிழாவுக்கான கணக்கு; சாதாரண நாளின் சராசரியில் அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

நேரம்: காலை 5.30 முதல் 8.30, மதியம் 12.30 முதல் 2.30, மாலை 4 மணி முதல் கடைசி பஸ் வரை. கடைசி பஸ் வரை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணுகிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே தாளை மடித்துவிடுவது வழக்கம்.

மாதிரி எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு மதிப்பு. 30 பஸ்ஸைப் பார்த்து 70 வீதம் நேரத்துக்கு வந்தது என்றால், உண்மை அதற்கு 16 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம்; அதை வைத்து ஒன்றும் பேச முடியாது. 100 பஸ் பார்த்தால் அது 9 புள்ளியாகக் குறையும். ஒரு தரிப்பிடத்தில், ஒரு திசையில், ஒரு நேரப்பகுதியில் 100 வரி என்பதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று பஸ் மட்டும் வரும் வழித்தடத்தில் அது முடியாது. அங்கே ஒரு மாதத்துப் பஸ் அனைத்தையும் எழுதுவதே வழி. தரிப்பிடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவரிடம் தாளைக் கொடுத்துவிடலாம்.

சராசரி ஏமாற்றும் இடம்

கல்முனை வீதியில் 40 நிமிடத்தில் இரண்டு பஸ் வருகிறது என்று வைப்போம். சராசரி இடைவெளி 20 நிமிடம். 20க்கு ஒன்று, 20க்கு ஒன்று என்று வந்தால், எதேச்சையாக வரும் ஆள் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு பஸ் 5 நிமிடத்திலும் 35 நிமிடத்திலும் வந்தால்? இடைவெளியின் சராசரி அதே 20தான். டிப்போ புத்தகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பெரும்பாலான ஆட்கள் அந்த 35 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டுவார்கள்.

கணக்கு இப்படி: ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நேரத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். 5ஐ 5ஆல் பெருக்க 25, 35ஐ 35ஆல் பெருக்க 1225, கூட்டினால் 1250. 40இன் இரட்டிப்பு 80. 1250ஐ 80ஆல் வகுக்க 15.6. ஆக பஸ் ஒன்றுகூடக் குறையாமல், ஒரு லீற்றர் டீசல் குறையாமல், ஆளுக்கு ஐந்தரை நிமிடம் களவு போயிருக்கிறது. இந்த ஓர் எண்ணை ஒவ்வொரு அளவிடத்துக்கும் கணக்கிட்டு வரிசையாக எழுதுங்கள். ஆரையம்பதியில் 11, களுவாஞ்சிக்குடியில் 13, மருதமுனையில் 16 என்று ஏறிக்கொண்டே போனால் பஸ்கள் வழியில் ஒன்றன்வாலை ஒன்று பிடிக்கின்றன என்று பொருள். ஆரையம்பதியிலேயே 16 என்றால் பிழை புறப்பாட்டில்.

படுவான்கரைக் கிராமத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பஸ் அரிதாக வரும் ஊரில் யாரும் எதேச்சையாக வந்து நிற்பதில்லை, நேரம் தெரிந்துதான் வருவார்கள். 20 நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளி உள்ள இடத்திலெல்லாம் நேரந்தவறாமையை அளக்க வேண்டும்: சொன்ன நேரத்துக்கு 1 நிமிடம் முந்தியதிலிருந்து 5 நிமிடம் பிந்தியது வரை நேரத்துக்கு வந்ததாகக் கொள்ளலாம். பிரித்தானியாவில் பஸ் சேவைகளை மேற்பார்ப்பவர்கள் பயன்படுத்தும் அளவும் இதுதான். முந்தலுக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், பத்து நிமிடம் பிந்திய பஸ் ஆளுக்குப் பத்து நிமிடத்தை எடுக்கும். மூன்று நிமிடம் முந்திய பஸ் ஆளின் காலை முழுவதையும் எடுத்துவிடும். முந்திப் போன பஸ்ஸை "ஓடாத பஸ்" நிரலில்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

பயண நேரத்துக்கும் சராசரி வேண்டாம். 20 பயணத்தின் நேரங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். நடுவில் வருவது வழக்கமான நாள். 18ஆவதாக வருவது, கிளினிக் நம்பரைத் தவறவிடக் கூடாதவர் மனதில் வைத்துப் புறப்படும் நேரம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் சேவையின் நம்பகம். அது 10 நிமிடத்துக்குள் இருந்தால் நல்ல சேவை, 30ஐத் தாண்டினால் ஆட்கள் மோட்டார் சைக்கிள் லீசிங் எடுக்கத் தொடங்குவார்கள்.

கடைசி பஸ்ஸை எந்தச் சராசரியிலும் கலக்காதீர்கள். 30 நாளில் எத்தனை நாள் ஓடியது என்று தனியாக எழுதுங்கள். 27 நாள் ஓடியது 90 வீதம், கேட்க நல்ல எண்தான். ஆனால் மூன்று நாள் இருட்டில் ஓட்டோ பிடித்தவர், அல்லது வெல்லாவெளிப் பக்கம் யானை இறங்கும் நேரத்தில் நடந்தவர், நாலாவது நாள் மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பமாட்டார். கடைசி பஸ்ஸை நம்ப முடியாத ஊரில் அதற்கு முந்திய பஸ்தான் உண்மையில் கடைசி.

பாதையை அளத்தல்

ஒரு நடைக்கு (பாதை ஒருமுறை வாவியைக் கடப்பதற்கு) ஆறு நேரம் எழுத வேண்டும்: கரை தொட்டது, முதல் ஆள் இறங்கியது, கடைசி ஆள் இறங்கியது, ஏற்றத் தொடங்கியது, ஏற்றி முடிந்தது, கரை விட்டது. அதோடு ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எண்ணிக்கை, இடமில்லாமல் கரையில் நின்றோர், காற்று, நீர்மட்டம். நீர்மட்டத்துக்குத் துறையில் ஒரு கம்பை நட்டு 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு வர்ணத்தால் போட்டுவிடுங்கள். மாரியில் வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டப்பட்டதும் வாவியின் மட்டம் வேகமாக இறங்கும். இறங்குபலகை கரையில் சரியாகப் படாமல் போகும், மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கி இறக்க வேண்டிவரும், ஒரு நடைக்கு ஐந்து நிமிடம் கூடும். கம்புக் கணக்கு இருந்தால் எந்த மட்டத்துக்குக் கீழே இது நடக்கிறது என்பதைச் சொல்லி, இறங்குதளத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கேட்கலாம்.

இடத்தையும் பாரத்தையும் ஒன்றாக எண்ணுவது துறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 2 மீற்றர் நீளம், 0.8 மீற்றர் அகலம் பிடிக்கும். சதுர மீற்றருக்கு நாலு பேர் என்றால் ஆறு பேர் நிற்கும் இடம். பாரத்தில் அது 120 கிலோவுக்கு அருகில், இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே மோட்டார் சைக்கிளால் நிறைந்த பாதை நெருக்கமாகத் தெரியும், பாரம் குறைவாக இருக்கும். ஆளால் நிறைந்த பாதை காற்றோட்டமாகத் தெரியும், பாரம் கூடியிருக்கும். அதோடு ஆள் நகரும்: கரை நெருங்கியதும் எல்லோரும் ஒரே பக்கத்துக்குப் போவார்கள், மிதவை சரியும். எத்தனை பேர் என்ற உச்ச எண்ணைத் தகுதியான பொறியியலாளர் கணித்து, அதற்கான மிதப்புக் கோட்டை மிதவையின் பக்கத்தில் வர்ணத்தால் போட வேண்டும். உங்கள் வேலை அந்தக் கோடு நீருக்குள் போன நடைகளை எண்ணுவது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் காலத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்த பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. உயிர்காப்பு அங்கிகளைப் பெரியவருக்கானது, பிள்ளைக்கானது என்று பிரித்து எண்ணுங்கள். பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை எண்ணாதீர்கள்.

இனிக் கொள்ளளவு. கடக்க 8 நிமிடம், ஒரு கரையில் இறக்கி ஏற்ற 7 நிமிடம் என்றால் ஒரு சுற்று 8+7+8+7, அதாவது 30 நிமிடம். மணித்தியாலத்துக்கு ஒரு திசையில் இரண்டு நடை. காலையில் கரையில் ஆள் தேங்கினால் இரண்டாவது மிதவை கேட்கத் தோன்றும். அதற்கு முன் அந்த 7ஐப் பாருங்கள். அதை 4 ஆக்கினால் சுற்று 24 நிமிடம், இரண்டு மணித்தியாலத்தில் நாலுக்குப் பதிலாக ஐந்து நடை. புது மிதவை இல்லாமல் காற்பங்கு கொள்ளளவு கூடிவிட்டது. செய்ய வேண்டியது: காசு மிதவைக்குள் அல்லாமல் கரையில் வாங்குவது, மோட்டார் சைக்கிளுக்குத் தனி வரிசை, கயிறு கட்டி, முழுதாக இறங்கிய பிறகே ஏற்றுவது, கடைசி 20 மீற்றர் கரைப்பாதையைக் கிரவல் போட்டு இறுக்குவது. சில்லுப் புதைந்து நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிள் ஐம்பது பேரை மறிக்கும்.

பாதை நின்ற நாட்களுக்குக் காரணம் எழுதி வைத்தால் பெரும்பாலும் மூன்றே வரும்: இயந்திரம், காற்று, ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை. ஆற்றுவாழை இயந்திரச் சுழலியில் சிக்கினால் சுழலியைப் பிடித்திருக்கும் சிறு ஆணி (பின்) முறியும். உதிரிப் பின் இரண்டு, ஸ்பார்க் பிளக், எரிபொருள் வடிகட்டி, ஒரு நீளக் கயிறு, இரண்டு சவள் (துடுப்பு), ஒரு நீளக் கம்பு மிதவையிலேயே இருந்தால் அரை நாள் நிற்கும் சேவை அரை மணித்தியாலத்தில் ஓடும். அவற்றை வாங்க ஆகும் செலவு ஒரு நாள் சேவை நின்றால் வரும் நட்டத்தை விடக் குறைவு, ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் வரும்.

திருத்தும் வரிசை

"பஸ் கூட்டித் தாருங்கள்" என்று தொடங்காதீர்கள். வண்டி இல்லை, ஆள் இல்லை என்ற பதில் தயாராக இருக்கும், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் இணைந்த நேர அட்டவணை. இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் தத்தம் அட்டவணையில் ஓடும்போது 7.00, 7.03, 7.30, 7.32 என்று விழும். தனியார் பஸ் சாரதியும் நடத்துனரும் பெரும்பாலும் வசூலில் பங்கு எடுப்பவர்கள். முன்னால் போகிறவனுக்குத்தான் ஆள் என்றால் போட்டியோட்டம் அவர்களுடைய குணக்கேடு அல்ல, சம்பள முறையின் விளைவு. இரண்டு தரப்பையும் ஒரே தாளில் 7.00, 7.15, 7.30, 7.45 என்று அடுக்கினால் ஆளுக்குக் காத்திருப்பும் குறையும், வண்டிக்கு வண்டி வசூலும் சமப்படும். உரிமையாளர் சங்கத்திடம் பேசும்போது இந்த இரண்டாவதை முதலில் சொல்லுங்கள்.

அட்டவணையில் ஓடும் நேரத்தை நிர்ணயிக்க உங்கள் அடுக்கிய பட்டியல் உதவும். நடுவில் வந்த நேரத்தை ஓடும் நேரமாகவும், அதற்கும் 18ஆவது நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசித் தரிப்பில் ஓய்வாகவும் கொடுக்க வேண்டும். முழுவதையும் ஓடும் நேரத்துக்குள் போட்டால் நல்ல நாளில் பஸ் வழியெல்லாம் உருளும். ஓய்வே இல்லாவிட்டால் காலையில் பிந்திய பத்து நிமிடம் மாலைவரை தொடரும். உதாரணமாக ஒரு திசைக்கு 70 நிமிடம், ஓய்வு 10 என்றால் ஒரு சுற்று 160 நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 8 வண்டி.

அந்த எட்டில் ஒன்று காலையில் பழுதானால்? வழக்கத்தில் அந்த நேரம் வெட்டுப்படும், 40 நிமிட ஓட்டை விழும், அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு பஸ்ஸின் கூட்டம் ஏறும், அது தரிப்பிடங்களில் சுணங்கும், அதற்குப் பின்னால் வருவது அதைப் பிடிக்கும். இப்படி ஒரு பழுது மதியம்வரை வழித்தடம் முழுவதையும் குலைக்கும். பதிலாக மிச்ச 7 வண்டியையும் 23 நிமிட இடைவெளியில் விட்டால் ஒவ்வொரு இடைவெளியும் மூன்று நிமிடம் கூடும், அவ்வளவுதான். டைம்கீப்பரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே "8 வண்டி", "7 வண்டி", "6 வண்டி" என்று மூன்று அட்டவணை முன்கூட்டியே இருந்தால் இதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

அடுத்தது பஸ்–பாதைச் சந்திப்பு. துறையிலிருந்து தரிப்பிடத்துக்குப் பையோடு ஒரு வயோதிபர் நடக்கும் நேரத்தை அளந்து அதையே கொள்ளுங்கள், உங்கள் நடையை அல்ல. பாதை கரை தொடும் நேரத்தோடு அந்த நடையையும் மூன்று நிமிடத்தையும் கூட்டி பஸ் நேரத்தைக் கேளுங்கள். பஸ் நேரத்தை அசைக்க முடியாவிட்டால் பாதையின் நேரத்தை அசையுங்கள், அதுதான் சுலபம். காலையில் பாதை பஸ்ஸுக்காக ஓட வேண்டும். மாலையில் கடைசிப் பாதை கடைசி பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் நிற்பது என்பதை எழுத்தில் வையுங்கள், 10 நிமிடம் என்பது நியாயமான எல்லை. நடத்துனர் சந்திக்கு இரண்டு தரிப்பிடம் முன்னால் துறைக்காரருக்கு ஒரு தவறிய அழைப்புக் கொடுத்தாலே போதும். இதைத் தவறவிட்டால் குருமண்வெளியில் நிற்கும் மண்டூர்க்காரர் பட்டிருப்புப் பாலம் சுற்றித்தான் போக வேண்டும்.

பாலம் வந்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்பவர்களுக்கு: 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது மாறியது உண்மை. ஆனால் பாலம் பஸ்ஸைக் கூட்டி வராது. பேர்மிட்டும் அட்டவணையும் தனியே மாற வேண்டும், அந்தக் கோரிக்கையைப் பாலம் கட்டத் தொடங்கும்போதே எழுத வேண்டும்.

இரவு ஊரில் தங்கி விடிய முதல் பஸ்ஸாகப் புறப்படும் சேவைகள் வேறு விதமாக முறியும். அது நின்றால் காரணத்தை வழித்தடத்தில் தேடாதீர்கள். சாரதியும் நடத்துனரும் படுக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். மின்விசிறி, நுளம்புவலை, பூட்டும் கதவு, தண்ணீர், மலசலகூடம், இந்த ஐந்தையும் ஊர்ச் சங்கமே கொடுத்துவிடலாம். கோயில் மண்டபத்தின் ஓர் அறை போதும்.

தரிப்பிடத்தில் ஒட்டும் நேரத்தாளில் பஸ் புறப்படும் ஊரின் நேரத்தைப் போடாதீர்கள். அந்தத் தரிப்பிடத்து நேரத்தைப் போடுங்கள். எழுத்து ஒரு விரல் அகலம், கண் மட்டத்தில், லெமினேட் செய்து, செல்லுபடியாகும் திகதியோடு. அம்பாறை நகரத்துக்குப் போகும் வழிகளில் சிங்களமும் வேண்டும்.

யாரிடம், எதைக் கேட்பது

கிழக்கு மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, கொழும்பு, கண்டி என்று மாகாணம் தாண்டுபவற்றுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அதன் முறைப்பாட்டு இலக்கம் 1955, இ.போ.ச. என்றால் அந்தந்த டிப்போவின் சாலை முகாமையாளர். பாதை யாருடைய பொறுப்பு என்பது துறைக்குத் துறை வேறுபடலாம். பிரதேச சபையா, வீதித் திணைக்களமா, குத்தகைக்காரரா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட அட்டவணை கையில் இல்லாமல் "பிந்துகிறது" என்று சொல்ல முடியாது. வாய்மொழியில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: வழித்தடத்தின் நடைமுறையிலுள்ள அட்டவணை, கடந்த மூன்று மாதத்தில் நாள்வாரியாக ஓட வேண்டிய நடைகள், ஓடிய நடைகள், ஓடாதவற்றுக்குப் பதிந்த காரணம். "சேவை ஏன் மோசம்" என்று கேட்டால் அது தகவலுக்கான கேள்வி ஆகாது.

கூட்டத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கொண்டுபோங்கள். ஓர் எண், ஒரு மாற்றம், ஒரு திகதி. "ஆரையம்பதியில் காலைக் காத்திருப்பு 15.6 நிமிடம், 7.03 பஸ்ஸை 7.15க்கு மாற்றினால் 10க்கு இறங்கும். வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து நான்கு வாரம் பரீட்சித்துப் பார்ப்போம்." நிரந்தரம் என்றால் தயங்குபவர்களும் பரீட்சார்த்தம் என்றால் கையெழுத்து வைப்பார்கள்.

அந்த நான்கு வாரத்தில் முதல் வாரத்தை எண்ண வேண்டாம், சாரதிக்கும் ஆட்களுக்கும் பழக வேண்டும். மற்ற மூன்றிலும் முதலில் எண்ணிய அதே தரிப்பிடங்களில், அதே கிழமைகளில், அதே நேரங்களில், முடிந்தால் அதே ஆட்களைக் கொண்டு எண்ணுங்கள். இடையில் பாடசாலை விடுமுறையோ வெள்ளமோ வந்தால் அந்த வாரத்தை ஒதுக்குங்கள். ஆரையம்பதியில் காத்திருப்பு இறங்கி மருதமுனையில் ஏறியிருந்தால் மாற்றம் பாதிதான் வேலை செய்திருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் ஒரு நேரச் சோதனை இடம் வைத்து, முந்தி வரும் பஸ்ஸை அங்கே நிறுத்திவைக்குமாறு கேட்க வேண்டும். எங்கேயும் இறங்கவில்லை என்றால் அந்த எண்ணையும் மறைக்காமல் அதே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, 7.15ஐப் பழையபடி 7.03க்கே மாற்றச் சொல்லுங்கள்.